ஐ20 என் லைன் வாங்கப் போகிறேன் (கோவை): விலையில் எங்கே பேசலாம், எந்த ஆப்ஷனை விடலாம்?

நொய்யல்கரை | கோயம்புத்தூர் | 7 டிசம்பர் 2024

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இருக்கும் 2013 ஸ்விஃப்ட் டீசலைக் கொடுத்துவிட்டு ஹூண்டாய் ஐ20 என் லைன் (ஐ20-யின் ஸ்போர்ட்டி வடிவம்) எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆல்ட்ரோஸ் ரேசரும் ஓட்டிப் பார்த்தேன், ஃபிரான்க்ஸ் டர்போவும் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் மனசுக்குப் பிடித்தது என் லைனில்தான். 1 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 6 கியர் மேனுவல். இந்த விலையில் இந்தச் சேர்க்கை வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

வண்டியில் குழப்பமே இல்லை, குழப்பம் கொட்டேஷனில். தண்டர் ப்ளூ, கறுப்புக் கூரை, என்6 (கீழ் வேரியன்ட்) மேனுவல் கேட்டேன். எக்ஸ்-ஷோரூம் (சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராத விலை) 10.14 லட்சம். சாலை வரியும் பதிவும் 1,86,000. இன்சூரன்ஸ் 47,800. டிசிஎஸ் (ஷோரூம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் தொகை) 10,140. ‘எசென்ஷியல் கிட்’ என்று 18,900. எக்ஸ்டெண்டட் வாரண்டி 16,500. ஹேண்ட்லிங் சார்ஜ் 7,500. ஃபாஸ்டாக் 600. எல்லாம் கூட்டினால் 13 லட்சத்தைத் தாண்டுகிறது. தள்ளுபடி 20,000 மட்டும். ஸ்விஃப்டுக்கு 2.20 லட்சமும், எக்ஸ்சேஞ்ச் போனஸாக 20,000-மும் தருகிறார்கள்.

ஜனவரி 1 முதல் விலை 25 ஆயிரம் வரை ஏறும் என்று கம்பெனியே இந்த வாரம் அறிவித்துவிட்டது, அதனால் இன்றே புக் செய்யுங்கள் என்று அவசரப்படுத்துகிறார்கள். அப்பாவோ மார்கழி பிறக்கும் முன் வண்டி வீட்டுக்கு வர வேண்டும், இல்லையென்றால் தைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இதில் எந்த வரியைப் பேசலாம், எதைப் பேச முடியாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஈரோடு | 7 டிசம்பர் 2024

நண்பரே, தள்ளுபடி, இன்சூரன்ஸ் எல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கறுப்புக் கூரையைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் கார் வரி மாறிவிட்டது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வருமான வரி மாதிரி, 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் 18 சதவீதம் என்று இங்கே கிடையாது. அந்த 10 லட்சக் கோட்டைத் தாண்டினால் முழு விலைக்கும் 18.

என்6 மேனுவல் ஒற்றை நிறத்தில் எக்ஸ்-ஷோரூம் 9,99,490. அதற்கு 13 சதவீதம் என்றால் 1,29,934 ரூபாய். நீங்கள் கேட்ட இரட்டை நிறம் 10.14 லட்சம். 18 சதவீதம் போட்டால் 1,82,520. வரியில் மட்டும் 52,586 ரூபாய் வித்தியாசம். கூரையின் விலை 14 ஆயிரத்துச் சொச்சம் என்று சேல்ஸ்மேன் சொல்லியிருப்பார். உங்கள் பையிலிருந்து போகப்போவது ஏறக்குறைய 67 ஆயிரம்.

டிசிஎஸ்ஸும் அப்படித்தான். 10 லட்சத்தைத் தாண்டுகிற காருக்குத்தான் அந்த 1 சதவீதம். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் பணம் என்பதால் நஷ்டம் இல்லை. ஆனாலும் வாங்கும் நாளில் கையில் இருக்க வேண்டும்.

என் யோசனை, ஒற்றை நிற நீலம் எடுங்கள். கூரை கறுப்பாகத்தான் வேண்டும் என்றால் நல்ல கடையில் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம், ஆர்டிஓ ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

திருப்பூர்_டர்போ | திருப்பூர் | 7 டிசம்பர் 2024

கணக்குப்பிள்ளை அண்ணா, ஒரு சந்தேகம். இரட்டை நிற வண்டிக்கே 30 ஆயிரம் தள்ளுபடி வாங்கி பில்லை 10 லட்சத்துக்குள் கொண்டுவந்தால் 13 சதவீதம் ஆகிவிடாதா?

கணக்குப்பிள்ளை | ஈரோடு | 7 டிசம்பர் 2024

தம்பி, அந்த நம்பிக்கையில் இறங்காதீர்கள். டீலர் தன் கைப்பணத்தில் குறைப்பது வேறு, வண்டியின் விலை என்று பதிவுக்குப் போகும் தொகை வேறு. “வரி குறைஞ்சிடும் சார், பார்த்துக்கலாம்” என்று வாயால் சொன்னால் போதாது. வரித் தொகை இவ்வளவு என்று கொட்டேஷனில் எழுதி, ஷோரூம் சீல் வைத்துத் தந்தால் யோசிக்கலாம். தர மாட்டேன் என்றால் அங்கேயே விஷயம் முடிந்தது.

ஐந்தாம்கியர் | சேலம் | 8 டிசம்பர் 2024

கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஓட்டுகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இதே என்6 மேனுவல்தான் என்னிடமும் இருக்கிறது. அதற்கு முன் போலோ ஜிடி வைத்திருந்தேன். 2022-ல் போலோவை இந்தியாவில் நிறுத்தியபோது மனசு உடைந்துபோனது உண்மை. அந்தக் காலி இடத்தை ஓரளவுக்கு நிரப்பியது இந்த வண்டிதான்.

ஷோரூமில் உங்களை மேல் வேரியன்ட்டான என்8-க்கு ஏற்றப் பார்ப்பார்கள். 10.25 அங்குலத் திரை, போஸ் ஸ்பீக்கர் என்று ஆசை காட்டுவார்கள். இன்ஜின் அதேதான். சஸ்பென்ஷன் அதேதான். பிரேக்கும் அதேதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் என்8 உங்களுக்குக் கூடுதலாக எதுவும் தராது. எக்ஸ்-ஷோரூமில் 1.22 லட்சம் வித்தியாசம், அதோடு மேலே சொன்ன வரிக்கோடும் சேர்ந்தால் 1.94 லட்சம் ஆகிறது. அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே செலவழித்து நல்ல ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், அடுத்த செட் டயர் எல்லாம் போட்டுவிடலாம்.

ஆப்ஷன் விஷயத்தில் எனக்கு ஒரே அளவுகோல்தான். பின்னால் மாட்ட முடியாததற்கு மட்டும் ஷோரூமில் பணம் கொடுங்கள். கியர்பாக்ஸைப் பின்னால் மாற்ற முடியாது, பின்சக்கர டிஸ்க்கைப் பின்னால் மாட்ட முடியாது, ஏர்பேக்கும் அப்படியே. இந்த வண்டியில் 6 ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு, அதனால் அதற்காக மேலே போகத் தேவையில்லை. சீட் கவர், அண்டர்பாடி கோட்டிங், டெஃப்லான், செராமிக், ஸ்டீயரிங் கவர் எல்லாம் வெளியே பாதி விலைக்குக் கிடைக்கும். ஸ்டீயரிங் கவர் மட்டும் தயவுசெய்து வேண்டவே வேண்டாம். துளையிட்ட தோல் போட்ட அழகான ஸ்டீயரிங் அது, கைக்கு நேராகச் சாலையைச் சொல்லும். அதன்மேல் எதற்கு இன்னொரு தோல்?

டெஸ்ட் டிரைவை அவிநாசி ரோட்டில் மட்டும் முடித்துவிடாதீர்கள். சஸ்பென்ஷன் சாதாரண ஐ20-யைவிட இறுக்கம். வீட்டில் அம்மா அப்பா உட்காருவார்கள் என்றால், அவர்களைப் பின்சீட்டில் உட்காரவைத்து உங்கள் தெரு மேடுபள்ளத்தில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். மருதமலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே எப்படி இழுக்கிறது என்றும் பாருங்கள். டர்போ சுற்ற ஆரம்பிக்கும் முன் கொஞ்சம் தயங்கும், அது பழகிக்கொள்ள வேண்டிய விஷயம்.

முன்னாள் சேல்ஸ் | சென்னை | 8 டிசம்பர் 2024

பல வருஷம் ஷோரூமில் கார் விற்றவன் நான், இப்போது வேறு வேலை. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, நடைமுறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வாங்க வருகிறவர் எக்ஸ்-ஷோரூம் விலையோடு மல்லுக்கட்டுவார். ஷோரூமுக்கு அதில் கிடைக்கும் லாபம் குறைவு. காசு வருவது இன்சூரன்ஸ் கமிஷனில், வங்கிக் கடன் பிடித்துக் கொடுப்பதில், அக்சஸரீஸில், வாரண்டியில், உங்கள் பழைய வண்டியில். அதனால்தான் தள்ளுபடி 10 ஆயிரம் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பழைய வண்டிக்கு 15 ஆயிரம் குறைப்பார்கள். நீங்கள் ஒரு கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது பணம் இன்னொரு கதவு வழியாகப் போய்விடும்.

இதற்கு ஒரே வழிதான். மூன்றையும் பிரித்துப் பேசுங்கள். புது வண்டியின் ஆன்-ரோடு விலை (எல்லாம் சேர்த்த விலை) முதலில். எக்ஸ்சேஞ்ச், லோன் பற்றி அப்போது வாயே திறக்காதீர்கள். “லோனா கேஷா சார்?” என்று முதல் நிமிஷத்திலேயே கேட்பார்கள். “இன்னும் முடிவு பண்ணலை” என்று சொல்லுங்கள். விலை எழுத்தில் வந்த பிறகு பழைய வண்டி, அதற்கு அப்புறம் கடன்.

தேதி விஷயம். மாதக் கடைசியில் ஷோரூமுக்கு இலக்கு எட்ட வேண்டும், எட்டினால் கம்பெனியிலிருந்து கூடுதல் ஊக்கத்தொகை வரும். அந்தக் கடைசி நாட்களில் மேனேஜருக்கு உங்கள் ஒரு வண்டியின் லாபத்தைவிட எண்ணிக்கை முக்கியம். டிசம்பர் என்றால் வருஷக் கடைசியும் சேர்ந்துகொள்கிறது. 2024-ல் தயாரான வண்டி ஜனவரி 1 அன்று பழைய வருஷ வண்டி ஆகிவிடும். அதைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள்.

அதிலும் நம் ஊரில் ஒரு விசேஷம் உண்டு. டிசம்பர் 15 வரை ஷோரூமில் நிற்க இடமிருக்காது, எல்லோருக்கும் மார்கழிக்கு முன் டெலிவரி வேண்டும். 16-ம் தேதி மார்கழி பிறந்ததும் கூட்டம் வடிந்துவிடும். வடக்கே இந்த நேரத்தில் வருஷக் கடைசி விற்பனை ஓடிக்கொண்டிருக்கும், இங்கே ஷோரூம் காலியாக இருக்கும். ஸ்டாக் மட்டும் அப்படியே நிற்கும். ஆடி மாதத்திலும் இதே கதைதான், ஆனால் ஆடியில் வருஷக் கடைசி என்ற நெருக்கடி அவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் கார் பேரம் பேச மார்கழி 5 முதல் 15 வரையிலான நாட்களைப்போல் இன்னொன்று கிடையாது என்பது என் அனுபவம்.

ஜனவரி விலையேற்றம் உண்மைதான். ஆனால் அது உங்களுக்கு இருக்கும் அவசரம் மட்டும் அல்ல, அவர்களுக்கும் இருக்கிறது. டிசம்பர் 31-க்குள் பில் போட்டுவிட்டால் ஏற்றம் உங்களைத் தொடாது.

நொய்யல்கரை | கோயம்புத்தூர் | 8 டிசம்பர் 2024

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கூரைக்கு 67 ஆயிரம் என்ற கணக்கைப் பார்த்ததும் வீட்டம்மாவிடம் காட்டினேன். “ஒற்றை நிறமே அழகு” என்று உடனே சொல்லிவிட்டார். அந்த விஷயம் முடிந்தது.

முன்னாள் சேல்ஸ் சார், மார்கழியில் பேசலாம் என்பது புரிகிறது. ஆனால் அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? மார்கழியில் வண்டி வாசலுக்கு வருவதில் அவருக்குத் துளியும் இஷ்டமில்லை. அவர் மனசு நோகும்படி ஒரு வண்டி வேண்டாம்.

தாமிரபரணி | திருநெல்வேலி | 8 டிசம்பர் 2024

அப்பா சொல்வதற்கு மரியாதை கொடுப்பதில் தப்பே இல்லை. எங்கள் வீட்டில் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். மார்கழி பிறந்த பிறகு பேசி முடித்து, டிசம்பருக்குள் பில் போட்டோம். சாவி வாங்கியது தை பிறந்த பிறகு நல்ல நாள் பார்த்து. ஷோரூமில் சம்மதித்தார்கள், யார்டில் (வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடம்) வண்டியை வைத்துக்கொண்டார்கள். பில் மார்கழியில், சாவி தையில். பெரியவர்களுக்கு வண்டி வாசலுக்கு வரும் நாள்தான் கணக்கு, பில் தேதி அல்ல.

மூன்று விஷயங்களை மட்டும் எழுதி வாங்குங்கள். பதிவு எந்தத் தேதியில், வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, அதுவரை யார்டில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு. டெலிவரி அன்று திரும்பவும் முழுசாகப் பரிசோதிக்க வேண்டும். வெயிலில் தூசி படிந்து நிற்கும், அவசரமாகத் துடைக்கும்போது பெயின்டில் வட்ட வட்டமாகக் கோடு விழும். கறுப்பு, நீல நிறத்தில் அது பளிச்சென்று தெரியும்.

அப்புறம் பேரம் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. கடைசி ரூபாய் வரை கறக்க வேண்டாம். வண்டியை விற்றவரிடம்தான் நாளைக்கு சர்வீஸுக்கும் போகப்போகிறோம். அந்த சேல்ஸ் தம்பி மாதச் சம்பளக்காரர், அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

சுடர் | மதுரை | 9 டிசம்பர் 2024

தாமிரபரணி அண்ணா, தம்பியிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ஹேண்ட்லிங் சார்ஜ் என்ற பெயரில் 7,500 கேட்பது அந்தத் தம்பி அல்ல. அது வரியும் இல்லை, பதிவுக் கட்டணமும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து ஷோரூம் வரை வண்டி வரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. இதைக் கேட்டு வாங்க மறுப்பது கறப்பது ஆகாது. பக்கத்து ஷோரூமில் அந்த வரியே இல்லை என்று நான் மெதுவாகச் சொன்னேன், பேனாவால் அடித்துவிட்டார்கள். சத்தம் போடவும் இல்லை, சண்டையும் இல்லை.

இன்சூரன்ஸ் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, பெரிய மிச்சம் அதில்தான் இருக்கிறது. புதுக் காருக்கு 3 வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அது 2018 முதல் நடைமுறை. அந்தப் பிரீமியம் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றே. என் லைன் இன்ஜின் 998 சிசி, அதாவது 1,000 சிசிக்குள். 3 வருஷத்துக்கு 6,521 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 1,000-ஐத் தாண்டியிருந்தால் 10,640. ஓட்டும்போது பெரிய இன்ஜின் மாதிரி இருந்தாலும் காகிதத்தில் இது சின்ன இன்ஜின், அந்த லாபம் உங்களுக்கு உண்டு.

மீதி முழுக்க சொந்தச் சேதத்துக்கான பிரீமியம். பேசும் இடம் இதுதான். ஐடிவி (வண்டிக்குக் காப்பீட்டில் போடும் மதிப்பு) ஒன்றே, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தருவது) ஒன்றே, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டியே போய்விட்டால் பில் விலையைத் தருவது) ஒன்றே என்று பார்த்து வெளியே விலை கேளுங்கள். புதுக் காருக்கு ஐடிவி எக்ஸ்-ஷோரூமில் 95 சதவீதம் இருக்கும். சிலர் ஐடிவியைக் குறைத்துப் பிரீமியம் குறைந்த மாதிரி காட்டுவார்கள், அதில் ஏமாந்துவிடாதீர்கள்.

நொய்யல்கரை அண்ணா, உங்கள் ஸ்விஃப்டுக்கு நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி, கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியக் கழிவு) எவ்வளவு? 5 வருஷம் தொடர்ந்து கிளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம் இருக்கும். அது வண்டிக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. பழைய வண்டியை விற்றதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்சிபி சான்று வாங்குங்கள், புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் அப்படியே கழியும். ஷோரூம் போட்ட 47,800-ல் இதைக் கழித்த மாதிரித் தெரியவில்லை. 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அதையும் திரும்பக் கட்ட வேண்டாம்.

“எங்கள் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் தள்ளுபடி” என்பார்கள். எடுத்தால் எவ்வளவு, எடுக்காவிட்டால் எவ்வளவு என்று இரண்டு கொட்டேஷன் வாங்குங்கள். சில சமயம் அவர்களே வெளி விலைக்கு இறங்கிவிடுவார்கள். அப்படி வந்தால் அவர்களிடமே எடுப்பது நல்லது, கிளெய்ம் நேரத்தில் அலைச்சல் குறையும்.

திருப்பூர்_டர்போ | திருப்பூர் | 9 டிசம்பர் 2024

எக்ஸ்டெண்டட் வாரண்டி தேவையா? 16,500 என்பது ஜாஸ்தி இல்லையா?

ஐந்தாம்கியர் | சேலம் | 9 டிசம்பர் 2024

டர்போ, டைரக்ட் இன்ஜெக்ஷன் உள்ள இன்ஜின். எடுத்தால் நிம்மதி. 7 கியர் டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வாங்குகிறவர்கள் கண்டிப்பாக எடுக்க வேண்டும், அது உலர் கிளட்ச், டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகும். மேனுவல் என்றால் உங்கள் இஷ்டம், ஆனால் நான் எடுத்தேன். ஷோரூமில் அன்றே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கம்பெனி வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பிறகும் எடுக்கலாம். தள்ளிப்போட்டால் விலை ஏறும் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை | கோயம்புத்தூர் | 20 டிசம்பர் 2024

நண்பர்களே, நிலவரம் சொல்கிறேன். மார்கழி பிறந்ததும் இரண்டு ஷோரூமிலும் திரும்பப் பேசினேன். முன்னாள் சேல்ஸ் சார் சொன்னது அப்படியே நடந்தது. இந்த முறை காபி வந்தது, மேனேஜரே வந்து உட்கார்ந்தார்.

பிரித்துப் பேசினேன். ஒற்றை நிற நீலம், என்6 மேனுவல். தள்ளுபடி 20-லிருந்து 35 ஆயிரத்துக்கு வந்தது, அதில் கார்ப்பரேட் சலுகையும் அடக்கம் (கம்பெனி அடையாள அட்டையைக் காட்டும்வரை அப்படி ஒன்று இருப்பதாகவே அவர்கள் சொல்லவில்லை, எல்லோரும் கேளுங்கள்). கிட்டிலிருந்து மிதியடியும் மட்ஃபிளாப்பும் மட்டும் போதும் என்றேன், 3,200. ஹேண்ட்லிங் சார்ஜை எடுத்துவிட்டார்கள்.

ஸ்விஃப்டை வெளியே காட்டியதில் 2.75 லட்சம் கேட்டிருக்கிறார்கள். ஷோரூமின் 2.20-யும் போனஸ் 20 ஆயிரமும் சேர்த்தால் 2.40. வெளியே கொடுத்தால் 35 ஆயிரம் கூட வருகிறது. பெயர் மாற்றத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி.

கணக்குப்பிள்ளை | ஈரோடு | 20 டிசம்பர் 2024

35 ஆயிரம் நல்ல வித்தியாசம், கொடுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, வாங்குபவரின் ஆதார் நகல், பணம் வந்த கணக்கு விவரம், டெலிவரி எடுத்த தேதியும் நேரமும் எழுதிய ரசீது எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடன் அடைந்திருந்தால் ஆர்சியில் வங்கிப் பெயர் நீங்கிவிட்டதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். பெயர் மாறியதா என்று பரிவாஹன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் நீங்களே பார்த்து உறுதிசெய்யும்வரை விடாதீர்கள். வண்டி கைமாறிய பிறகு ஏதாவது விபத்து என்றால் ஆர்சியில் இருக்கும் பெயருக்குத்தான் முதலில் நோட்டீஸ் வரும்.

கடன் எடுக்கிறீர்கள் என்றால் உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலும் கேளுங்கள். 7 லட்சம், 5 வருஷம். 9 சதவீதத்துக்கும் 9.5-க்கும் மாதம் 170 ரூபாய்தான் வித்தியாசம், சின்னதாகத் தெரியும். 60 மாதம் கட்டினால் 10,200 ரூபாய். பிராசசிங் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முன்னாள் சேல்ஸ் | சென்னை | 21 டிசம்பர் 2024

ரொம்ப சந்தோஷம் நண்பரே. முழுப் பணமும் கட்டும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. யார்டுக்கே போய் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியைப் பாருங்கள். ஷோரூமுக்குக் கழுவிக் கொண்டுவந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

சேஸி நம்பரைக் கேட்டு வாங்குங்கள். தயாரான மாதமும் வருஷமும் அதிலேயே குறியீடாக இருக்கும், எப்படிப் படிப்பது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். ஆர்சியிலும் தயாரிப்பு மாதம் அச்சாகும், ஆகவே மறைக்க முடியாது. நவம்பர் வண்டிக்கும் ஏப்ரல் வண்டிக்கும் ஒரே தள்ளுபடி என்றால் அது நியாயமில்லை. ஏப்ரல் வண்டிதான் இருக்கிறது என்றால் இன்னும் கேளுங்கள், கொடுப்பார்கள்.

டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3824 என்றால் 2024-ன் 38-வது வாரம். நாலு டயரும் ஏறக்குறைய ஒரே வாரமாக இருக்க வேண்டும், ஒன்று மட்டும் வேறு வருஷம் என்றால் ஏன் என்று கேளுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும், பிரேக் டிஸ்க்கில் துரு படர்ந்திருக்கும். மேலாகப் படர்ந்த துரு நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். கதவு ஓரம், பம்பர் சேரும் இடம், பானட் போல்ட் தலையில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறதா என்று மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நொய்யல்கரை | கோயம்புத்தூர் | 29 டிசம்பர் 2024

முடிந்தது நண்பர்களே! அக்டோபர் மாத வண்டி. முதலில் ஒதுக்கிய ஜூன் வண்டியை யார்டில் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன், மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள்.

எக்ஸ்-ஷோரூம் 9,99,490. வரியும் பதிவும் 1,33,400. இன்சூரன்ஸ் வெளியே, ஜீரோ டெப்போடு, 50 சதவீத என்சிபி கழித்து 26,400. வாரண்டி 16,500. மிதியடி, மட்ஃபிளாப் 3,200. ஃபாஸ்டாக் 600. தள்ளுபடி 35,000 போக 11,44,590. முதல் நாள் தந்த கொட்டேஷன் தள்ளுபடி போக 12.81 லட்சம் இருந்தது. 1.36 லட்சத்துக்கு மேல் மிச்சம். அதில் பெரிய பங்கு அந்தக் கூரையும் வரிக்கோடும்தான், அடுத்தது இன்சூரன்ஸ். தள்ளுபடி என்று வாய் வலிக்கப் பேசியதில் கிடைத்தது 15 ஆயிரம்.

தாமிரபரணி அண்ணன் சொன்னபடி பில் 2024-ல், சாவி தையில். அப்பாவே நாள் குறித்துவிட்டார். சேல்ஸ் தம்பியிடம் கடைசிவரை நல்லபடியாகத்தான் பேசினேன், டெலிவரி அன்று வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம்.

குன்னூர்_சாரல் | குன்னூர் | 27 செப்டம்பர் 2025

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். முழுவதும் படித்தேன், இதைவிடத் தெளிவாக எங்கும் கிடைக்கவில்லை. நானும் கணவரும் மாறி மாறி ஓட்டுவோம், அதனால் என்6 டிசிடி பார்க்கிறோம். 22-ம் தேதி ஜிஎஸ்டி குறைந்துவிட்டதே, இப்போதும் இதே கணக்குதானா? ஷோரூமில் “லட்ச ரூபாய் குறைச்சாச்சு மேடம், இதுக்கு மேல தள்ளுபடி இல்ல” என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை | ஈரோடு | 27 செப்டம்பர் 2025

வாங்க சகோதரி. 4 மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் காருக்கு முன்பு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத செஸ்ஸும் இருந்தது. இப்போது மொத்தமே 18. என் லைனில் அதிகபட்சம் 1,08,116 ரூபாய் குறைந்திருக்கிறது. ஆனால் அது அரசாங்கம் குறைத்த வரி. ஷோரூம் தன் பையிலிருந்து ஒரு ரூபாயும் எடுத்துத் தரவில்லை. வரிக் குறைப்பைத் தள்ளுபடி என்று சொல்ல விடாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

கோடு அதே 10 லட்சத்தில்தான் இருக்கிறது, வண்டிகள் இடம் மாறிவிட்டன. அன்றைக்குக் கோட்டைத் தாண்டிய அந்த இரட்டை நிற என்6 மேனுவல் இன்று நன்றாக உள்ளே வந்துவிட்டது. இப்போது கறுப்புக் கூரைக்கு அதன் விலையும் 13 சதவீதமும் கொடுத்தால் போதும், ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

டிசிடி மட்டும் இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம். பழைய 11,09,900-ஐ புது வரிக்கு மாற்றினால் 10.15 லட்சம் வருகிறது. அதற்கு 18 சதவீதம் என்றால் 1.82 லட்சத்துக்கு மேல். மேனுவல் அதே கணக்கில் 9.14 லட்சம், 13 சதவீதத்துக்கு 1.19 லட்சம். ஆக ஆட்டோமேட்டிக் கியருக்கு நீங்கள் கொடுப்பது 1 லட்சம் இல்லை, ஏறக்குறைய 1.65 லட்சம். இன்றைய விலைப்பட்டியலை வைத்து ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள், அடிப்படை மாறாது.

ஐந்தாம்கியர் | சேலம் | 28 செப்டம்பர் 2025

சகோதரி, கியர்பாக்ஸைப் பின்னால் மாற்ற முடியாது என்று மேலே எழுதியிருக்கிறேன். இருவரும் ஓட்ட வேண்டும், ஒருவருக்கு கிளட்ச் சிரமம் என்றால் அந்த 1.65 லட்சம் வீண் இல்லை. வாரண்டியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் டிரைவில் மலை ஏற்றத்தில் நிறுத்தி, ஊர்ந்து, திரும்ப நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் சீசன் நேரத்தில் நீங்கள் தினமும் செய்யப்போவது அதைத்தான்.

முன்னாள் சேல்ஸ் | சென்னை | 28 செப்டம்பர் 2025

ஆயுத பூஜைக் கூட்டம் ஓடுகிற வாரம் இது. இப்போது போய் பேரம் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அவசரம் இல்லையென்றால் டெஸ்ட் டிரைவை மட்டும் இப்போது முடித்துக்கொண்டு, தீபாவளி கழிந்து பேசுங்கள். மார்கழி வரை பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பொறுக்க முடியாது என்றால் கோவை, ஈரோடு, திருப்பூர் மூன்றிலும் எழுத்தில் கொட்டேஷன் வாங்கி இங்கே போடுங்கள், ஒவ்வொரு வரியாகப் பார்த்துச் சொல்கிறோம்.